விரல்களின் சமயம்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கதைக்கத் தொடங்கியதும் ஆட்கள் கையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், காது வேறெங்காவது போய்விடும். கொட்டாஞ்சேனையில் மர்ஸூக் ஹாஜியாரின் அச்சகத்தில் கடதாசி வெட்டும் மெசினில் போனவை அவை. கல்யாணக் கார்ட் வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த ஹாஜியார் தோளில் கிடந்த சால்வையைக் கையில் சுற்றி, தன்னுடைய வான் வண்டியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு மெசினுக்கு ஒரு இரும்புத் தடுப்புப் போட்டார். எனக்கும் அவருக்கும் அதில் ஒரு பிணக்கும் இல்லை. நட்டஈடு, வழக்கு என்று நான் ஒருவரையும் தேடிப் போகவில்லை.

ஆனால் அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் எழுதியிருந்த ஒருவன் கொழும்பில் இரண்டு விரல் குறைவாக நடமாடினால், அந்த இரண்டு விரலும் எங்கே போயிருக்கும் என்று எல்லாச் சோதனைச் சாவடிகளுக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வெள்ளவத்தையில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு ஆமிக்காரன் என் அட்டையை வாங்கினான். பிறகு அதை நீட்டிய கையைப் பார்த்தான்.

"மேக்க மொக்கத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

எனக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது. மெசின், மெசின் என்று சொல்லி, மெசினின் கத்தி இறங்குவதைக் காட்டுவதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கி "டும்" என்று கீழே போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நான் குண்டு வெடிப்பதை நடித்துக் காட்டியதுபோலத்தான் அது இருந்திருக்கும். அவன் இரண்டடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். என்னைச் சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், பிறகு பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் ஹாஜியார் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். பொறுப்பதிகாரி அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டார். முதலாளி தன் ஆளுக்காக எழுதத்தானே செய்வார், இது செல்லாது என்றார். சட்டம் தெரிந்த ஒரு சபையிடமிருந்து, இந்தக் காயம் மெசினால் வந்தது என்று முத்திரையோடு கடதாசி வேண்டும் என்றார். வெசாக் பௌர்ணமிக்கு முன்னம் கொண்டுவராவிட்டால் என்னைப் பெரிய இடத்துக்கு அனுப்புவதாகவும் சொன்னார். போனவர்கள் லேசில் திரும்பாத அந்தப் பெரிய இடம் எது என்று வெள்ளவத்தையில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கௌரி ஒரு சின்னத் துணி பாக்கை எடுத்து, இரண்டு சாரம், ஒரு துவாய், சவுக்காரம், பற்பசை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் அடுக்கி, கதவடியில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அவங்கள் வந்து இழுக்கேக்கை தேடி அடுக்க விடுவாங்களே?" என்றாள்.

அப்படித்தான் நான் மன்றத்துக்குப் போனேன்.

புதுக்கடையில், நீதிமன்றங்களுக்கு எதிர்த் தெருவில், ஒரு தோசைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. அனைத்திலங்கை வீதி விபத்து மற்றும் வேலைத்தலக் காயச் சட்ட வழிகாட்டல் மன்றம் என்று பெயர். பெயர்ப்பலகை நீளம் காணாமல் சுவரின் மூலையில் திரும்பியது. 'மன்றம்' என்ற சொல்லைப் பார்க்கவேண்டுமானால் பக்கத்து ஒழுங்கைக்குப் போகவேண்டும். மாடிப்படியில் ஒரு படி உடைந்து கிடந்தது. நான் அதில் தடக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். மேலே போனால், அதே படியில் தடக்கியவர்கள் மூன்று பேர் எனக்கு முன்னால் மர வாங்கில் உட்கார்ந்து அதையே முறைப்பாடாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மன்றத்துக்கு வருகிற ஆட்களின் தொகை வருஷா வருஷம் கூடுகிறது என்று அவர்கள் பெருமைப்படுவதில் பொய் இல்லை.

மன்றத்தின் எழுதுவினைஞர் ஐறீன் என்ற பெண். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. "அண்ணே, வீதி விபத்துக்கு இடப்பக்க வாங்கு, வேலைக் காயத்துக்கு வலப்பக்க வாங்கு. மாறி இருந்தா ஐயா கோவிப்பார்" என்றாள்.

ஐயா என்றது தலைவர் வரதராசா அவர்களை. ஓய்வுபெற்ற சட்டத்தரணி. நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், அதற்குக் கீழே கறுத்தக் கோட்டு. அவர் வந்ததும் எல்லோரும் எழும்பினோம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். இதுவரை விபத்துகளில் சிக்கியவர்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம். சிக்கியவர்களே நாங்கள்தான், எங்களுக்காக நாங்களே தலை குனிந்து நின்றோம். பிறகு நான்கு வழிகாட்டல்களையும் ஐறீன் சொல்லித்தர, எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலத் திருப்பிச் சொன்னோம்.

வழிகாட்டல் ஒன்று: விபத்து நடந்த இடத்தில் எதனையும் அசைக்கலாகாது. வழிகாட்டல் இரண்டு: எவரிடமும் மன்னிப்புக் கேட்கலாகாது. வழிகாட்டல் மூன்று: சாட்சி எவ்வித உறவும் இலாபமும் அற்றவராக இருத்தல் வேண்டும். வழிகாட்டல் நான்கு: காயப்பட்டவர் சத்தமிடலாகாது, சத்தம் சாட்சியத்தைக் கெடுக்கும்.

வரதராசா ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு உரையாற்றினார்.

"காயம் வரும், போகும். சட்டம் நிக்கும். இந்த மன்றம் தொடங்கிப் பதினெட்டு வருஷம். இந்தப் பதினெட்டு வருஷத்திலை ஒரு ஆளைத்தானும் நாங்கள் பிழையான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டதில்லை. ஏன்? ஒரு ஆளையும் முடிவுக்குக் கொண்டுபோனதில்லை. அவ்வளவு நிதானம்!"

இரண்டு வாங்கும் கைதட்டியது. கையில் கட்டுப் போட்டிருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள். என் முறை வந்தபோது கையை நீட்டினேன்.

"விபத்து நடக்கேக்கை இந்தக் கை எங்கை இருந்தது?"

"மெசினுக்குள்ளை ஐயா."

"இப்ப?"

"இஞ்சை இருக்கு."

"ஏன் காணும் எடுத்தனீர்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் ஐறீனைப் பார்த்தார். ஐறீன் வழிகாட்டல் ஒன்றைத் திரும்ப வாசித்தாள்.

"ஐயா, கையை எடுக்காட்டி நான் இரத்தம் போய்ச் செத்திருப்பன்" என்றேன்.

"செத்திருந்தால் கேஸ் நல்ல பலமாய் இருந்திருக்கும்" என்றார் வரதராசா. சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "எத்தனை பேரைப் பாத்திட்டன். அவசரப்பட்டுக் கையை எடுக்கிறது, காலை எடுக்கிறது. பிறகு இஞ்சை வந்து நீதி நியாயம் எண்டு நிக்கிறது. சரி, ஆரிட்டையும் மன்னிப்புக் கேட்டனீரா?"

"ஹாஜியாரிட்டைக் கேட்டனான். கல்யாணக் கார்ட் எல்லாம் இரத்தமாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பின்னேரம் வாறம் எண்டவை. அதுதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஹாஜியார் எண்டு..."

மண்டபம் முழுவதும் "ச்சு, ச்சு" கொட்டியது. வரதராசா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. பிழை தன்னுடையது எண்டு வாயாலை ஒப்புக்கொண்ட ஆள். எழுதும் ஐறீன்."

"ஐயா, எனக்கு ஒருத்தரிலையும் பிழை சுமத்தத் தேவையில்லை. இது மெசினாலை வந்தது, குண்டாலை இல்லை எண்டு ஒரு கடதாசி தந்தால் காணும். வெசாக்குக்கு முன்னம் குடுக்காட்டி என்னைக் கொண்டுபோயிடுவாங்கள்."

"கடதாசி தரலாம். அதுக்கு மூலம் வேணும். விரல் ரெண்டையும் கொண்டுவாரும்."

விரல்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஹாஜியாரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அதுவா? அது அண்டைக்கே அடக்கியாச்சே. மனிசன்ட உறுப்ப குப்பையில போட ஏலுமா வாப்பா? அல்லாஹ் நம்பித் தந்த அமானத்து. துணியில சுத்தி மையவாடிக்குக் கொண்டுபோய், ஓரத்தில ஒரு சின்னக் குழி வெட்டி அடக்கினன். மையவாடிப் பொறுப்பாளர் பதிஞ்சு ஒரு கடதாசியும் தந்தீக்கிறார்."

மையவாடி என்பது முஸ்லிம்களின் இடுகாடு. என் விரலுக்கு ஒரு மனிதன் அவ்வளவு மரியாதை செய்திருக்கிறான் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பொறுப்பாளரின் கடதாசியை வாங்கிக்கொண்டு மன்றத்துக்கு ஓடினேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன், மடையன்.

வரதராசா கடதாசியை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் என்ன சமயம்?"

"சைவம் ஐயா."

"விரல் எங்கை கிடக்கு?"

"மையவாடியிலை."

"சைவ விரல் மையவாடிக்குப் போகுமே?"

ஐறீன் தட்டச்சு மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் சிக்கலானது என்று சொல்லி, விரல்களின் சமயத்தைத் தீர்மானிக்க ஒரு உபகுழுவை அமைத்தார்கள். உபகுழு பக்கத்து அறைக்குப் போய், கீழேயிருந்து தோசையும் வடையும் எடுப்பித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தது. வரதராசா எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"மையவாடியிலை அடக்கப்பட்டது முஸ்லிம் விரல். விண்ணப்பதாரர் சைவர். ஆனபடியால் அந்த விரல்கள் விண்ணப்பதாரருடையவை அல்ல."

"அப்ப என்ரை விரல் எங்கை ஐயா?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம்."

இரண்டு வாங்கும் மீண்டும் கைதட்டியது. வரதராசா குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நல்லது சொல்வதுபோல, "தம்பி, என்ரை விரல் எண்டால் நான் இப்பிடி விட்டிருப்பனே? சுத்த சைவக் குடும்பத்து விரலைக் கண்ட இடத்திலை புதைக்க விட்டிட்டு வந்து நிக்கிறீர். உமக்கு வெக்கமாயில்லையே?" என்றார்.

ஹாஜியார் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் என் விரலுக்காக இல்லை.

அடுத்த கூட்டத்தில், கடதாசி வெட்டும் மெசினைப் பற்றி விளக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். அதன் பக்கத்தில் ஒரு பெரிய சில்லு சுழல்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சில்லா என்று நிமிர்ந்தார் வரதராசா. சில்லு இருந்தால் அது வாகனம், வாகனத்தால் வந்த காயம் வீதி விபத்து. என்னை வலப்பக்க வாங்கிலிருந்து எழுப்பி இடப்பக்க வாங்கில் இருத்தினார்கள். மெசின் ஹோர்ன் அடித்ததா, நான் வீதியின் எந்தப் பக்கத்தால் வந்தேன், மஞ்சள் கோட்டில் கடந்தேனா, லைற் போட்டிருந்ததா என்று ஐறீன் கேட்டுக்கேட்டு எழுதினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணக் கார்ட்டின் மேலே மெசின் எத்தனை மைல் வேகத்தில் வந்தது என்று வரதராசா கேட்டபோது நான் "முப்பது" என்றேன். அது கொஞ்சம் கூடத்தான், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டது என்று அவர் தலையாட்டினார்.

பிறகு சாட்சி. ஹாஜியார் முதலாளி, இலாபம் உள்ளவர், தள்ளு. கூட வேலை செய்கிற பெடியங்கள் நண்பர்கள், தள்ளு. எனக்கு உறவில்லாத, அச்சகத்துக்கு உறவில்லாத, என்னையே தெரியாத, ஆனால் அந்த நேரம் பார்த்து அச்சகத்துக்குள் நின்று என் விரலை மாத்திரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வேண்டும்.

"அப்பிடி ஒரு ஆள் நிண்டிருந்தால் அவரைத்தான் ஐயா முதலிலை பொலிஸ் பிடிச்சிருக்கும்" என்றேன்.

"பகிடி விடாதையும்" என்றார்.

வெசாக் கிட்டியது. காலி வீதியில் கடதாசி விளக்குக் கூடுகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அதே சாவடியில் அதே ஆமிக்காரன் என்னை இன்னொரு முறை இறக்கினான். இந்த முறை நான் நடித்துக் காட்டவில்லை, பேசாமல் சேர்ட்டைக் கழற்றினேன். கடதாசி எங்கே என்று கேட்டான், வருகிறது என்றேன். அட்டையைத் திருப்பித் தரும்போதும் அவன் இரண்டடி தள்ளியே நின்றான். அவன் பயந்தவன், பயத்தில் துவக்கைப் பிடிக்கிறான், அவன்மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை. வரதராசாவுக்கு என்ன பயம்? விளக்கேற்றி, தோசை சாப்பிட்டு, என் உயிரைக் கையில் வைத்துப் பந்தாடுகிற அந்த மனிதன்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்குக் கௌரி பாக்கைத் திறந்து, பழைய துவாயை எடுத்துவிட்டுப் புதுத் துவாய் வைத்தாள்.

"அந்தக் கட்டையிலை போவாங்கள்ரை வழிகாட்டலை அவங்கட தலையிலையே கொட்டவேணும்" என்றாள்.

கடைசியில் கடதாசி எனக்குக் கிடைத்தது அவர்களுடைய நியாயத்தால் அல்ல, அவர்களுடைய விழாவால். மன்றத்தின் ஆண்டுவிழா வெசாக்குக்கு முந்திய நாள் வைத்தார்கள். பத்திரிகையில் படம் வரவேண்டும். படத்தில் தலைவர் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். பதினெட்டு வருஷத்தில் சான்றிதழ் ஒன்றும் கொடுக்கப்படாததால், கொடுப்பதற்கு ஆளில்லை. ஐறீன் மெல்ல நாகேந்திரம் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பாவம், அவளுக்கு நல்ல மனம்.

கடதாசியில் இப்படி இருந்தது: இவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் குறைவாக இருப்பதை மன்றம் அவதானித்துள்ளது. இக்குறைவு மெசினால் நேர்ந்தது என இவர் கூறுவதை மன்றம் மறுக்கவில்லை. அவ்வளவுதான். முத்திரை விழுந்தால் எனக்கு அது போதும்.

அந்த முத்திரை சாதாரண றப்பர் முத்திரை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு யந்திரம். மேலே ஒரு நீளத் தண்டு, தண்டின் இரண்டு முனையிலும் தேங்காயளவு இரும்புக் குண்டு. தண்டைச் சுழற்றிவிட்டால் திருகாணி இறங்கி, கடதாசியில் முத்திரையைப் பதிக்கும். வழக்கமாகப் பியோன்தான் சுழற்றுவான். அன்றைக்குப் படப்பிடிப்பாளர் நின்றதால், தானே பதிப்பதாக வரதராசா முன்னால் வந்தார். வலது கையில் தண்டு. இடது கை கடதாசியை யந்திரத்துக்குள் பிடித்திருந்தது. முகம் சபையைப் பார்த்திருந்தது.

"வேலைத்தலப் பாதுகாப்பு எண்டால் என்ன?" என்று தொடங்கினார். "கவனம்! கவனம்தான் பாதுகாப்பு. இந்த நாகேந்திரத்தைப் பாருங்கோ. கண்ணை வேறை எங்கையோ வைச்சுக்கொண்டு கையை மெசினுக்குள்ளை விட்டவர். நான் இத்தனை வயதுக்கு ஒரு கீறல் படாமல் இருக்கிறன். ஏன்? நான் எப்பவும்..."

தண்டைச் சுழற்றினார்.

சத்தம் பெரியதாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய சத்தம் அவருடையது. முத்திரையின் வாய்க்குள் கடதாசியும் இருந்தது, இடது கையின் இரண்டு விரலும் இருந்தன.

"ஐயோ! ஐயோ! திருப்படா! தண்டைத் திருப்படா!"

பியோன் தண்டில் கை வைத்தான். திருப்பிவிட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயம். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். கதவடியில் இருக்கும் அந்தச் சின்ன பாக் தோன்றியது. நான் கத்தவில்லை, அமைதியாகத்தான் சொன்னேன்.

"தொடாதேங்கோ. வழிகாட்டல் ஒண்டு."

பியோன் கையை எடுத்தான். ஐறீன், பழக்க தோஷம், வாயைத் திறந்து "விபத்து நடந்த இடத்தில் எதனையும்" என்று தொடங்கிவிட்டாள். அவ்வளவுதான். மண்டபம் முழுவதும் எழும்பி நின்று "அசைக்கலாகாது" என்று முடித்தது. பதினெட்டு வருஷமாக அவர் பழக்கிய சனம். படப்பிடிப்பாளர் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று படம் எடுத்தான். பொலிசுக்குச் சொல்ல ஆள் ஓடியது.

"டேய், நாசமாப் போவாங்களே, உயிர் போகுதடா!"

"வழிகாட்டல் நாலு ஐயா" என்று வீதி விபத்து வாங்கிலிருந்து ஒருவர் பணிவாகச் சொன்னார். அவர் ஊன்றுகோலோடு எத்தனையோ வருஷமாக வந்துபோகிறவர். "சத்தம் போட்டால் உங்கடை சாட்சியந்தான் ஐயா கெட்டுப்போகும்."

வரதராசா பல்லைக் கடித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாக நான் ஒரு மனிதனாகத் தெரிந்தேன்.

"நாகேந்திரம்... நான் உமக்குச் செய்தது பிழைதான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயையோ, மன்னிப்புக் கேக்காதேங்கோ ஐயா" என்றேன். "பிழையை ஒப்புக்கொண்டதாப் போயிடும். ஐறீன், எழுதாதை பிள்ளை."

ஐறீன் எழுதிவிட்டாள்.

யாரோ விளக்கை ஏற்றினார்கள். விபத்தில் சிக்கியவருக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றோம். வரதராசாவின் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை. பொலிஸ் உடனே வரவில்லை. புதுக்கடையில் ஏதோ வெடித்திருக்கிறது என்று செய்தி போய், முதலில் ஆமி தெருவின் இரண்டு பக்கத்தையும் மூடி, தோசைக் கடையைச் சோதனை போட்டு, உளுந்து மாவுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஏறினார்கள். ஏறியவர்களில் முன்னால் வந்தவன் உடைந்த படியில் தடக்கி விழுந்தான்.

தண்டைத் திருப்பி அவரை அம்புலன்சில் ஏற்றிய பிறகு மேசையில் இரண்டு பொருட்கள் மிஞ்சின. ஒன்று என்னுடைய கடதாசி. முத்திரை நடுவில் மிக அழகாக விழுந்திருந்தது, அதைச் சுற்றி இரத்தம். மற்றது இரண்டு விரல் துண்டுகள்.

"அண்ணே, இத என்ன செய்ற?" என்று ஐறீன் அழுதாள். பியோன் குப்பைக் கூடையைக் கொண்டுவந்தான்.

"சீ, மனிசன்ரை உறுப்பு" என்று சொல்லி, கைலேஞ்சியை விரித்து இரண்டையும் எடுத்துச் சுற்றிக்கொண்டேன். கொட்டாஞ்சேனை பஸ் ஏறினேன்.

அன்று பின்னேரமே பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கடதாசியை நீட்டினேன். பொறுப்பதிகாரி முத்திரையைத் தடவிப் பார்த்தார், கறையைப் பார்த்தார். இது யாருடைய இரத்தம் என்று கேட்டார். மன்றத் தலைவருடையது என்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். ஒரு சபை இவ்வளவு பொறுப்போடு கடதாசி கொடுத்ததை அவர் அதற்கு முன் கண்டதில்லை என்று நினைக்கிறேன். தன் பங்குக்கு ஒரு கையெழுத்தும் வைத்துத் தந்தார். வெசாக் கூட்டுக்குள்ளெல்லாம் லைற் எரிய, நானும் கௌரியும் காலி வீதியில் நடந்தோம். சாவடியில் அந்தப் பெடியன் கடதாசியை வாசித்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தான்.

பிறகு நடந்ததை ஐறீன்தான் வந்து சொன்னாள். வரதராசா ஐயா காரில் கொள்ளுப்பிட்டியால் போகும்போது சாவடியில் மறித்திருக்கிறார்கள். அடையாள அட்டை. பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் இரண்டு விரல் இல்லை.

"மேக்க மொக்கத?"

அவர் இங்கிலீசில் சட்டப்பிரிவு சொன்னாராம். அடுத்த நாள்தான் வெளியே விட்டார்களாம். அடுத்த பௌர்ணமியான பொசனுக்கு முன்னம் மன்றத்தின் கடதாசி கொண்டுவா, இல்லாவிட்டால் பெரிய இடம். நானே மன்றம் என்று அவர் சொல்ல, தனக்குத் தானே எழுதுகிற கடதாசி செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் மன்றத்துக்குப் போய் வலப்பக்க வாங்கில் இருந்தார். உபதலைவர் விளக்கேற்றி, மௌனம் அனுட்டித்து, விரல் இரண்டையும், உறவும் இலாபமும் அற்ற ஒரு சாட்சியையும் கேட்டாராம்.

இரண்டு நாளில் அவர் எங்கள் அறை வாசலுக்கு வந்து நின்றார். நெற்றியில் திருநீறு இருந்தது, கறுத்தக் கோட்டு இல்லை. கௌரி கதிரையைத் தூசு தட்டிப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அவர் வலது கையால் கோப்பையைப் பிடித்தார்.

"நாகேந்திரம், நீர் அண்டைக்கு நிண்டனீர். எனக்கு நீர் உறவுமில்லை, மன்றத்திலை வேலையுமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் காணும்."

"சொல்லுறன் ஐயா. எல்லாத்தையும் கண்டனான். ஆனால் விரலையும் கேப்பினமே?"

"அது உம்மட்டை இருக்கெண்டு ஐறீன் சொன்னவள்."

"ஓம், பத்திரமா இருக்கு. என்ரை விரலுக்குப் பக்கத்திலைதான் இருக்கு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மையவாடியிலையோ?"

"ஹாஜியார் தன்ரை கையாலை அடக்கினவர் ஐயா. ஆற்றை விரல் எண்டும் கேக்கேல்லை. பொறுப்பாளரின்ரை கடதாசியும் இருக்கு."

"சிவசிவா! நான் சுத்த சைவம் காணும்!"

"அதுதான் ஐயா சிக்கல். நீங்கள் சைவம். மையவாடியிலை கிடக்கிறது முஸ்லிம் விரல். மன்றத்தின்ரை தீர்ப்புப்படி அது உங்கடை விரல் இல்லை."

எத்தனையோ பேரை எத்தனையோ வருஷம் வாங்கில் இருத்திய மனிதர், எங்கள் பிளாஸ்ரிக் கதிரையின் விளிம்பில் குந்தியிருந்து கேட்டார்.

"அப்ப என்ரை விரல் எங்கை நாகேந்திரம்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம்" என்றேன்.

அவர் எழும்பினார். கதவடியில் கௌரி நின்றாள். அவள் குனிந்து, அங்கே இன்னமும் இருந்த அந்தச் சின்ன பாக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கொண்டுபோங்கோ ஐயா. ரெண்டு சாரம், சவுக்காரம், பற்பசை எல்லாம் கிடக்கு. துவாய் புதிசு" என்றாள். "வந்து இழுக்கேக்கை தேடி அடுக்க விடமாட்டாங்கள்."

அவர் அதை நல்ல கையால் வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.